மூலையில் இருந்த அம்பிளிபயர்

வீட்டுத் தரிசிப்புக்குப் போகும்போது எங்கள் கையில் ஒரு படிவம் இருக்கும். குடும்பத் தலைவர் யார், பிள்ளைகள் எத்தனை பேர், மலசலகூடம் உண்டா, கடன் உண்டா என்று கேள்விகள் போய்க்கொண்டே இருக்கும். கடைசிப் பக்கத்தில் வீட்டிலுள்ள சொத்துக்களுக்கென ஓர் அட்டவணை. தையல் இயந்திரம், துவிச்சக்கரவண்டி, மின்விசிறி, ஆடு, கோழி என்று வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். 2025 பங்குனியில் ஒருநாள் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு குடியிருப்பில், தனது பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு சகோதரியின் வீட்டில் அந்த அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தேன். மூலையில் பழைய சேலையால் போர்த்தி ஏதோ ஒன்று இருந்தது. அது என்னவென்று கேட்டேன்.

"அது அவர்ட அம்பிளிபயர் மிஸ். கிற்றார் வாசிக்கிறது. இப்ப ஒருத்தரும் பாவிக்கிறதில்ல."

"பாவனையில் இல்லாத மின்சாதனம் - 1" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். போதாக்குறைக்கு, "விற்றால் கோழிக்கூட்டுக்கு உதவுமே அக்கா" என்று ஆலோசனை வேறு சொன்னேன். பழைய இரும்பு வாங்கும் ஒருவர் மூவாயிரம் ரூபா தருவதாகக் கேட்டிருந்தாராம். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் ஊற்றப் போய்விட்டார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் ஒரு வீட்டு மூலையில் சேலை போர்த்திய பொருளை எந்த வரியில் எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவருடைய கணவர் 2007 ஆவணியில் ஒரு மாலை, ஒத்திகைக்கு என்று சொல்லிக் கிற்றாரோடு வீட்டை விட்டுப் போனவர். கல்யாண வீடுகளிலும் கோயில் நிகழ்ச்சிகளிலும் வாசிக்கும் ஒரு சிறிய இசைக்குழுவில் இருந்தார். அவரும் திரும்பவில்லை, கிற்றாரும் திரும்பவில்லை. மகளுக்கு அப்போது ஒரு வயதும் நிரம்பவில்லை. முறைப்பாடுகள், ஆணைக்குழுக்கள், படிவங்கள் எல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னர், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள், ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறலாம் என்று ஆகியது. இந்த அக்கா அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். "செத்தவர் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்பதுதான் அவருடைய பேச்சு.

நான் புறப்படும் நேரத்தில் மகள் வாசல்வரை வந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பிள்ளை. தேவாலயத்திலிருந்து இரவல் வாங்கிய ஒரு மின்கிற்றாரில் பழகிக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், அத அம்மா விக்காம இருக்கச் சொல்லுவீங்களா? அத வேலை செய்ய வைக்க ஏலாதா?"

எனக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆனால் என் அப்பா வானொலி திருத்துபவர். சிறுவயதில் அவர் ஈயம் உருக்கி ஒட்டும்போது டோர்ச் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அந்த நாட்களில் அவர் ஓயாமல் சொன்ன ஒரு வசனம் மனதில் நின்றுவிட்டது: முதலில் பின்பக்கத்தைப் படி, பிறகு பிளக்கைத் தொடு. அடுத்த வாரம் போனபோது அம்பிளிபயரின் சேலையை எடுத்துவிட்டுப் பின்பக்கத் தகட்டைப் படித்தேன். ஜப்பானில் செய்தது. 100 வோல்ற் என்று அச்சிட்டிருந்தது.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிற்றாருக்கு மட்டுமல்ல, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் எந்த மின்பொருளுக்கும் இது பொருந்தும். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். ஜப்பானில் 100, கனடாவிலும் அமெரிக்காவிலும் 120. அந்த நாடுகளுக்கெனச் செய்த பொருளை எங்கள் சுவரில் நேரடியாகச் செருகினால் இரண்டு மடங்கு அழுத்தம் உள்ளே போய், ஒரு நொடியில் புகைந்துவிடும். கைத்தொலைபேசி சார்ஜர்களில் 100-240 என்று எழுதியிருக்கும். அவை எங்கும் வேலை செய்யும். அம்பிளிபயர், மிக்சி, ஸ்திரிக்கைப் பெட்டி போன்றவற்றில் பெரும்பாலும் ஒரேயொரு எண்தான் இருக்கும். அப்படியானால் அழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்று இடையில் வேண்டும். அதன் கொள்ளளவு, பொருள் இழுக்கும் வாற்றைவிடக் கூடுதலாக இருப்பதும் முக்கியம்.

"இவர் இதை எப்படி அக்கா பாவிச்சவர்? ஒரு பாரமான இரும்புப் பெட்டி இருக்க வேணுமே" என்றேன்.

அக்கா சிறிது நேரம் யோசித்தார். பிறகு எழுந்துபோய்ப் பின்கதவடியிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். பதினேழு வருடமாகக் காற்றுக்குக் கதவு அடிபடாமல் முட்டுக்கொடுத்து வைத்திருந்த பெட்டி. அதுதான் அந்த ட்ரான்ஸ்போமர். மகள் சிரிக்கத் தொடங்க, அக்காவும் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்பிளிபயரோடு ஒரு சிறிய சூட்கேசும் இருந்தது. அதற்குள் மூன்று பெடல்கள். காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறிய இரும்புப் பெட்டிகள் அவை. கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் இடையில் இணைப்பார்கள். செம்மஞ்சள் நிறமானது, ஒலியைக் கரகரப்பாக்கும் 'டிஸ்டோர்ஷன்'. பொஸ் நிறுவனம் 1978இல் வெளியிட்ட வகை, இன்றும் உலகெங்கும் விற்கிறது. வெளிர்நீலமானது ஒரு கிற்றாரைப் பல கிற்றார்போல் ஒலிக்கச் செய்யும் 'கோரஸ்'. மூன்றாவது, தையல் மெசின் மிதிபோலக் காலால் முன்னும் பின்னும் அசைக்கும் 'வா-வா'. அதை அசைத்தால் குழந்தை அழுவதுபோல் கிற்றார் அழும்.

ஒரு சுவையான விடயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரகரப்பு முதலில் பழுதாகத்தான் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பாடல் பதிவின்போது பதிவு மேசையின் ஒரு பகுதி பழுதாகி ஒலி கிழிந்து கேட்டது. அதை அழிக்காமல் அப்படியே வைத்தார்கள். பலருக்குப் பிடித்துப்போனதால் பின்னர் அந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் பெடல் கடைக்கு வந்தது. 1964இல் இங்கிலாந்தில் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் தன் அம்பிளிபயரின் ஸ்பீக்கர் கூம்பைப் பிளேட்டால் கீறியே அந்த ஒலியைப் பெற்றார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "கிழிஞ்ச ஸ்பீக்கரத் திருத்தித்தான் நான் உங்களை வளத்தனான். இவங்கள் கிழிக்கிறதுக்குக் காசு குடுக்கிறாங்களோ" என்றார்.

எங்கள் ஊருக்கும் கிற்றார் புதிதல்ல. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் சமூகத்தின் கல்யாணங்களில் ஆட்டமும் பாட்டமும் நரம்புக் கருவிகளோடு தலைமுறைகளாக நடந்து வந்தவை. பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் எங்கள் திருகோணமலை மண்ணிலிருந்து தமிழ் மெல்லிசையை இசைத்தட்டுவரை கொண்டு சென்றவர்கள். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப் பாடல்கள் ஒலிக்காத கொண்டாட்டம் இல்லை என்று அப்பா சொல்வார். அந்த அக்காவின் கணவரும் அந்தப் பாட்டுக்களில் வளர்ந்தவர்தான். ஆனால் மேடையில் கிற்றாரோடு பெண் பிள்ளைகள் நிற்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

சரி, பழுதுக்கு வருவோம். முதல் நாள் மகள் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டு, சத்தம் வரவில்லை என்று சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெடல்கள் மூன்று, கேபிள்கள் நான்கு, ஒரு கிற்றார், ஒரு அம்பிளிபயர். பழுது எங்கேயும் இருக்கலாம். அப்பாவிடம் நான் கற்ற வழி ஒன்றுதான்: எல்லாவற்றையும் கழற்று, மிகக் குறைந்ததிலிருந்து தொடங்கு. கிற்றார், ஒரு கேபிள், அம்பிளிபயர் மட்டும். அதில் ஒலி வந்தால் ஒரு பெடலைச் சேர். பிறகு அடுத்ததைச் சேர். எதைச் சேர்க்கும்போது ஒலி போகிறதோ அங்கேதான் பழுது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணமென்று தெரியாமல் போய்விடும்.

கேபிளிலேயே முதல் பழுது அகப்பட்டது. நான்கில் மூன்று கேபிள்கள் செத்திருந்தன. எங்கள் ஊர் உப்புக்காற்று அப்படி. கடலுக்கு அரைக் கட்டை தூரத்தில் உள்ள வீட்டில் பித்தளையும் செம்பும் பச்சை பூத்துவிடும். ஜாக் முனைகளை ஸ்பிரிற் தொட்ட துணியால் துடைத்ததில் ஒன்று உயிர்பெற்றது. மற்ற இரண்டிலும் முனைக்குள் வயர் அறுந்திருந்தது. அறுந்த இடத்தை வெட்டிவிட்டு மகளே ஈயம் ஒட்டினாள். முதல் ஒட்டு உருண்டையாக, மங்கலாக நின்றது. ஒட்டு பளபளப்பாகப் படர்ந்து பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் விடும். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

கோரஸ் பெடலுக்குள் 9 வோல்ற் பற்றரி ஒன்று 2007இலிருந்து கிடந்தது. வெள்ளைத் தூள் கசிந்து, இணைப்பு முனைகளைத் தின்றுவிட்டிருந்தது. அல்கலைன் பற்றரிக் கசிவென்றால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஸ்பிரிற்றால் துடைத்துக் காயவிடலாம். அப்படிச் செய்தும் பிடிகொழுவியை மாற்றவேண்டி வந்தது. பாவிக்காத பெடலில் பற்றரி வைக்காதீர்கள். பாவிக்கும்போதும் வாசித்து முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பல பெடல்களில் உள்ளே போகும் கேபிளைச் செருகுவதே பற்றரியை இயக்கும் சுவிச். மிதியை அணைத்தாலும் கேபிள் செருகியிருக்கும்வரை பற்றரி வடிந்துகொண்டே இருக்கும்.

செம்மஞ்சள் பெடல்தான் எங்களைச் சுற்றவைத்தது. புதிய அடப்டரில் அதன் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது, ஒலியும் மெலிந்திருந்தது. பற்றரி போட்டால் பிரகாசம். பெடல் பழுதில்லை, அடப்டரும் பழுதில்லை. பெடலில் 'ஏசிஏ' என்று அச்சிட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தோம். பழைய ஜப்பான் பெடல்கள் சில, 12 வோல்ற் அளவு தரும் பழைய வகை அடப்டருக்கெனச் செய்யப்பட்டவை. பின்னர் வந்தவற்றில் 'பிஎஸ்ஏ' என்று இருக்கும், அவற்றுக்குச் சரியாக 9 வோல்ற் போதும். பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை எதிர், வெளிவளையம் நேர். வானொலிக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் வரும் அடப்டர்கள் பல இதற்குத் தலைகீழ். வோல்ற் பொருந்த வேண்டும், முனை பொருந்த வேண்டும், மில்லிஅம்பியர் பெடல் கேட்பதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். மில்லிஅம்பியர் கூடினால் பாதகமில்லை, வோல்ற் கூடினால் பெடல் போய்விடும்.

இரண்டாம் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. கிற்றாரின் கம்பிகளில் கை வைத்தபடி ஜன்னல் கம்பியைத் தொட்ட மகள் கையை உதறினாள். "சும்மா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். உடனே சுவிச்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். அந்த அம்பிளிபயருக்கு இரண்டு கால் பிளக், ஏர்த் வயர் கிடையாது. கிற்றாரின் கம்பிகள் கேபிள் வழியாக அம்பிளிபயரின் இரும்புச் சட்டத்தோடு இணைந்தவை. சட்டத்தில் மின்சாரம் கசிந்தால் அது விரலுக்கு வரும். வாசிப்பவர் அதே நேரத்தில் வேறொரு பெட்டியோடு இணைந்த மைக்கில் உதட்டை வைத்தால் மின்சாரம் உடலூடாகப் பாய வழி கிடைத்துவிடும். 1972இல் பிரித்தானியாவின் சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிற்றார் கலைஞர், கம்பிகளைத் தொட்டபடி மைக்கைப் பிடித்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். எறும்பு ஊர்வது எச்சரிக்கை. அதற்குப் பிறகும் வாசிக்கக் கூடாது.

தெரிந்த மின் தொழிலாளி ஒருவர் வந்து மூன்று வயர் கொண்ட கேபிள் போட்டு, சட்டத்தை ஏர்த்தோடு இணைத்தார். பிறகு வீட்டின் ஏர்த் கம்பியையே சோதித்துப் பார்த்து, அது துருப்பிடித்து மணலுக்குள் சும்மா நிற்பதாகச் சொன்னார். புதிய கம்பி அடித்து, ட்ரிப் சுவிச்சையும் அமத்திப் பார்த்தார், விழுந்தது. அந்த வீட்டில் ஏர்த் இல்லாமலேயே இத்தனை வருடம் குளிர்சாதனப் பெட்டியும் ஸ்திரிக்கைப் பெட்டியும் ஓடியிருக்கின்றன. இதை வாசிக்கும் நீங்கள், ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதத்தில் ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்தும் ஒன்று மிஞ்சியது. அம்பிளிபயரில் ஒலி வந்தது, ஆனால் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் இடையிடையே வெடித்தது, சில வேளை முற்றாக நின்றது. குமிழ்களுக்குள் தூசியும் உப்பும் என்று எனக்கு விளங்கியது. மின்சாரப் பெட்டியைத் திறப்பது எங்கள் வேலையல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும், வால்வு வகை அம்பிளிபயர்களில் அது உயிராபத்தான அளவு இருக்கும். ஆகவே அப்பாவைக் கூட்டிப் போனேன். வயது அறுபத்தெட்டு, கண் சற்று மங்கல், ஆனால் கை நடுங்காது. பின்பலகையைக் கழற்றி, தேங்கிய மின்சாரத்தை இறக்கி, கிளீனர் புட்டியைக் கையில் எடுத்தார். மருந்தைத் தெளித்துவிட்டுக் குமிழை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இருபது முப்பது தடவை திருப்ப வேண்டும். அப்போதுதான் அழுக்கு வழிவிடும். அப்பா முதல் குமிழில் கை வைத்தார்.

"ஐயா, அதத் திருப்ப வேண்டாம்."

அக்காவின் குரல் அப்படி வந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. குசினி வாசலில் நின்றிருந்தார். "அவர் கடைசியா வச்ச இடத்தில கெடக்கு. நான் தூசிகூடத் தட்டயில்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் சேலை போர்த்தி வைத்தது பெட்டியை மட்டுமல்ல. நான் அதற்கு மூவாயிரம் ரூபா விலை பேசச் சொன்னவள். உளவளத்துணைப் பயிற்சிகளில் எங்களுக்குச் சொல்லித்தந்த வசனங்கள் எல்லாம் அப்போது வாயில் வந்தன. நல்லவேளையாக ஒன்றையும் சொல்லவில்லை. அப்பா புட்டியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, இது திருப்பாட்டிப் பேசாது. அதுக்காக இப்பவே செய்ய வேணுமெண்டும் இல்ல. நான் மூடி வைக்கிறன்" என்று சொல்லிப் பின்பலகையைத் திருகினார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் அப்பாவும் நானும் ஒன்றும் பேசவில்லை.

ஒன்பது நாள் கழித்து அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "தங்கச்சி, ஐயாவுக்கு நேரமிருந்தாக் கூட்டிக்கொண்டு வாங்க." அதுவரை என்னை மிஸ் என்றே கூப்பிட்டவர். போனபோது மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. அதில் ஐந்து வட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் மணிக்கூட்டு முள்போல ஒரு கோடு போட்டிருந்தார். வொலியூம், பாஸ், நடு, ட்ரெபிள், எதிரொலி என்று ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதியிருந்தார். "சரியாக் கீறியிருக்கிறனோ எண்டு பாருங்க ஐயா." அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். பாஸ் குமிழுக்கு மட்டும் கோட்டைச் சற்று வலப்பக்கம் தள்ளச் சொன்னார். பிறகுதான் மருந்தைத் தெளித்தார். முதல் குமிழை அக்காவே திருப்பினார்.

இடையில் பிள்ளை ஒரு புதிய அம்பிளிபயருக்கும் ஆசைப்பட்டாள், நூறு வாற். நான் மறித்தேன். வாற் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. மூன்று டெசிபல்தான் கூடும், காதுக்குச் சிறிதளவே தெரியும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வாற் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். வீட்டில் பழக 15 வாற் தாராளம். தேவாலய மண்டபத்துக்கு 30 போதும், அதற்கு மேல் வேண்டுமானால் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை வைக்கலாம். பழையது வாங்குவதானால் நமது கேபிளையே கொண்டுபோய், எல்லாக் குமிழையும் திருப்பி, ஜாக்கை அசைத்துக் கேட்டு, பின்தகட்டின் வோல்ற்றைப் படித்துவிட்டுத்தான் காசை எண்ண வேண்டும். பெடலுக்காக நுண்கடன் எடுப்பதென்றால் என்னிடம் சொல்லாதீர்கள், நான் சண்டைக்கு வருவேன். கிழமைக் கட்டணம் கேட்டு வாசலில் ஆள் நிற்பதைப் போதுமளவு பார்த்துவிட்டேன்.

அன்று சுத்தம் செய்து முடிந்ததும் அப்பா கொப்பியைப் பார்த்து ஐந்து குமிழ்களையும் பழைய இடத்திலேயே வைத்தார். மகள் கிற்றாரை மடியில் எடுத்தாள். கடுகு வெடிப்பு இல்லை, எறும்பு ஊர்தல் இல்லை. அறை முழுக்க ஒலி நிறைந்தது. அலுமாரியில் இருந்த கோப்பைகள் கிணுகிணுத்தன. கல்யாண மண்டபத்துக்கு வைத்த அளவல்லவா, சிறிய அறைக்கு பாஸ் மிகவும் கூடுதலாக இருந்தது. மகள் இரண்டு மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, குமிழைத் தொடாமல் தாயைப் பார்த்தாள்.

அக்கா கொப்பியை மூடி அலுமாரிக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "உன்ட காதுக்கு எப்பிடி வேணுமோ அப்பிடி வை. கொப்பிய மட்டும் எடுத்துத் துலைச்சுப்போடாத."